கணினியைக் கொல்லும் சூடு எது?

2001 செப்டம்பரில் 'டாம்ஸ் ஹார்டுவேர்' என்ற இணைய இதழ் ஒரு சோதனையைப் படம்பிடித்து வெளியிட்டது. கணினியில் 'குவேக் 3' விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசசரின் மேலிருந்து சூட்டை அகற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்கைக் கழற்றிவிடுவது, பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்பது. இன்டெல்லின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி ஓடியது. ஹீட் சிங்க்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. ஏ.எம்.டி.யின் ஆத்லான் வகைச் சிப்களோ சில நொடிகளில் புகைந்து செத்தன. அவற்றின் மேற்பரப்பு 300 டிகிரி செல்சியஸை எட்டியிருந்தது.

பென்டியம் 4-க்குள் தன் சூட்டைத் தானே அளந்து, எல்லை மீறினால் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு இருந்தது. அதுதான் அதைக் காப்பாற்றியது. அந்த ஏற்பாடு இன்று கைபேசியிலிருந்து சர்வர் வரை எல்லாப் பிராசசரிலும் உண்டு. 100 டிகிரி வாக்கில் சிப் தானே தளர்ந்துகொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மின்சாரத்தையே துண்டித்துவிடும். ஆகவே சூட்டால் பிராசசர் எரிந்துபோவது இப்போது மிக அரிது.

இருந்தும் சாதனங்கள் சாகின்றன. பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால், "ஹீட்ல போயிடுச்சு சார்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அவர் சொல்வது பல நேரம் சரி. ஆனால் சூடு கொல்லும் விதத்தைப் பற்றி நம் மனதில் இருக்கும் படம்தான் சரியில்லை. ஒரு நாள் அளவு மீறிச் சுட்டதால் உயிர் போயிற்று என்று நினைக்கிறோம். நடப்பது, ஆண்டுக்கணக்கில் நீளும் ஒரு தேய்மானம். அதிலும் முதலில் தேய்வது பெரும்பாலும் சிப்பின் சிலிக்கன் கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் பற்று (சால்டர்), பிசின், திரவம் ஆகியவை.

முதலில், இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். கணினி எந்தப் பாரத்தையும் தூக்குவதில்லை. விசிறியின் காற்று, திரையின் ஒளி போன்ற சிறு பங்கு போக, உள்ளே செல்லும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளியேறியாக வேண்டும். 100 வாட் இழுக்கும் பிராசசர், ஆற்றல் கணக்கில் 100 வாட் ஹீட்டர்தான். டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் ஒரு சுவிட்ச். அது மாறும்போதெல்லாம் ஒரு நுண்ணிய மின்னூட்டம் நிரம்பி வடிகிறது. அந்த ஆற்றல் சூடாகிறது. இந்தச் சூடு கடிகார வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடும். மின்னழுத்தத்தை 10 சதவீதம் உயர்த்தினால் சூடு 21 சதவீதம் உயரும். 2024-ல் நடந்த ஒரு பெரிய சிக்கலைப் பின்னால் சொல்லப்போகிறேன். அதுவரை மின்னழுத்தம் என்ற சொல்லை நினைவில் வைத்திருங்கள்.

1974-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது அதே விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே போனால், ஒரு சதுர மில்லிமீட்டரில் எழும் சூடு கூடவே கூடாது என்பது அதன் சாரம். ஒவ்வொரு தலைமுறையும் முந்தியதைவிட வேகமாகவும் இருக்கும், அதிகம் சுடவும் செய்யாது என்ற வரம் அது. முப்பது ஆண்டுகள் இந்தத் தொழிலே அந்த வரத்தின்மேல் நின்றது.

வரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. மின்னழுத்தத்தை ஓரளவுக்குக் கீழே கொண்டுபோனால் டிரான்சிஸ்டர் சரியாக மூடாது. மூடிய நிலையிலும் மின்சாரம் கசியும். சூடு ஏற ஏறக் கசிவு கூடும். கசிவு கூடக் கூடச் சூடு ஏறும். 2001-ல் இன்டெல்லின் பாட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டில் எச்சரித்தார்: போக்கு இப்படியே நீடித்தால் சிப்பின் வெப்ப அடர்த்தி முதலில் அணு உலையை எட்டும், அடுத்து ராக்கெட்டின் புகைவாயை, அதற்கடுத்துச் சூரியனின் மேற்பரப்பை. 2004 பிப்ரவரியில் இன்டெல் வெளியிட்ட 'பிரெஸ்காட்' என்ற புதிய பென்டியம் 4, சிறிய டிரான்சிஸ்டர்களைக் கொண்டிருந்தும் முந்தைய சிப்பைவிட அதிகமாகச் சுட்டது. அதே ஆண்டு மே மாதம் அடுத்து வரவிருந்த 'டெஜாஸ்' சிப் கைவிடப்பட்டது. அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐயும் கைகழுவினார்கள். ஒரே மூளையை விரட்டுவதை விட்டு, பல மூளைகளை (கோர்) ஒரே சிப்பில் வைக்கும் வழிக்குத் தொழில் திரும்பியது. இருபது ஆண்டு கழித்தும் மேசைக் கணினியின் உச்ச வேகம் 6 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே நிற்கிறது.

வேகம் நின்றது, சூடு நிற்கவில்லை. செயற்கை நுண்ணறிவுக்காக உலகமே வாங்கிக் குவித்த என்விடியாவின் எச்100 சிப், எட்டு சதுர சென்டிமீட்டர் சொச்சம் பரப்பைக் கொண்டது. அதன் சர்வர் வடிவம் 700 வாட் வரை இழுக்கிறது. இவ்வளவையும் ஒவ்வொரு நொடியும் அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அகற்றும் வழியில் இருப்பவற்றில்தான் சாவு தொடங்குகிறது.

இவற்றில் மிக எளிதாகப் புரிவது மின்தேக்கி, கடைக்காரர் மொழியில் கெபாசிட்டர். மதர்போர்டிலும் மின்வழங்கிப் பெட்டியிலும் சிறு உருளைகளாக நிற்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல மெல்ல அடைப்பின் வழியே வெளியேறுகிறது. வேதிமாற்றங்களின் வேகம் வெப்பநிலையோடு எப்படி ஏறுகிறது என்பதற்கு 1889-ல் ஸ்வீடன் அறிவியலாளர் ஸ்வாந்தே அரீனியஸ் விளக்கம் தந்தார். அதிலிருந்து பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது இது: 10 டிகிரி கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகும், 10 டிகிரி குறைந்தால் இரண்டு மடங்காகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று மதிப்பிடப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த உச்சச் சூட்டில் அது மூன்று மாதம்கூடத் தாங்காது. 65 டிகிரியில் வைத்தால் 32,000 மணி. இடைவிடாமல் ஓடினாலும் மூன்றரை ஆண்டுக்கு மேல். 45 டிகிரியில் வைத்தால் 1,28,000 மணி. பதினான்கு ஆண்டைத் தாண்டும். பொருள் ஒன்றுதான். பெட்டிக்குள் காற்று ஓடுகிறதா இல்லையா என்பதே அதன் ஆயுளை இத்தனை மடங்கு மாற்றுகிறது.

வீட்டில் இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் எல்.இ.டி. பல்பைப் பாருங்கள். பெட்டியில் ஆண்டுக்கணக்கில் எரியும் என்று அச்சிட்டிருக்கும். ஒளி தரும் எல்.இ.டி. உண்மையிலேயே அவ்வளவு காலம் உழைக்கக்கூடியதுதான். ஆனால் பல்பின் அடிப்பகுதியில் மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு சர்க்யூட்டில் ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் அந்த பல்பை மாட்டினால், சூடு போக வழியில்லாமல் அந்த சர்க்யூட் முதலில் போய்விடும். பல்பு போயிற்று என்று தூக்கி எறிகிறோம். அதன் ஒளிப்பகுதி பல நேரம் நன்றாகவே இருக்கிறது.

கெபாசிட்டர் என்றதும் 1990-களின் கடைசியிலிருந்து 2000-களின் நடுப்பகுதி வரை உலகை ஆட்டிய கெபாசிட்டர் கொள்ளைநோயையும் சொல்ல வேண்டும். தைவானில் தயாரான பல கெபாசிட்டர்களில் திரவத்தின் கலவை சரியாக இல்லை. நீர் மிகுந்த அந்தக் கலவை உள்ளிருக்கும் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கியது. உருளைகளின் தலை உப்பியது, பிளந்தது. டெல், எச்.பி., ஆப்பிள் என்று பெரிய பெயர்களின் கணினிகளிலும் அவை இருந்தன. இங்கே மூலக் குற்றம் சூட்டினுடையது இல்லை, கலவையினுடையது. சூடு அந்தக் குற்றத்தை விரைவுபடுத்தியது. பழுதுகளில் சூட்டின் பங்கு பெரும்பாலும் இதுதான் என்பது என் முடிவு: ஏற்கெனவே இருக்கும் பலவீனத்தை அது தேடிப் பிடிக்கிறது.

சிப்புக்குள்ளேயும் தேய்மானம் உண்டு. நுண்ணிய உலோகக் கம்பிகளில் ஓடும் எலக்ட்ரான்கள், உலோக அணுக்களைச் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டு போகின்றன. காலப்போக்கில் ஓரிடத்தில் குழி விழும், வேறோரிடத்தில் மேடு சேரும். கம்பி அறும் அல்லது பக்கத்துக் கம்பியைத் தொடும். மோட்டரோலாவில் பணியாற்றிய ஜேம்ஸ் பிளாக் 1969-ல் இதற்குத் தந்த சமன்பாடு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அதிலும் வெப்பநிலை அடுக்குக்குறியில் உட்கார்ந்திருக்கிறது. 1997-ல் ஐ.பி.எம். அலுமினியக் கம்பிகளுக்குப் பதில் செம்புக் கம்பிகளுக்கு மாறும் வழியை அறிவித்ததற்கு வேகம் ஒரு காரணம். இந்த அணு நகர்வைச் செம்பு அதிகம் தாங்கும் என்பது இன்னொரு காரணம்.

இதுவரை சொன்னது நிலையான சூடு செய்யும் வேலை. என் கணிப்பில் இதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது சூட்டின் ஏற்ற இறக்கம்.

பொருள்கள் சுட்டால் விரியும் என்பது பள்ளிப் பாடம். எவ்வளவு விரியும் என்பதில்தான் சங்கடம். சிலிக்கன் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 2.6 பங்கு விரிகிறது. மதர்போர்டின் கண்ணாடியிழைப் பலகையோ ஏறத்தாழ 15 பங்கு. 20 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சிப் 60 டிகிரி சூடேறினால் அது விரிவது 3 மைக்ரோமீட்டர். அதே நீளமுள்ள பலகை விரிவது 18 மைக்ரோமீட்டர். ஒன்று நகர, மற்றது நகர மறுக்க, இந்த இழுபறி முழுவதும் நடுவில் அகப்பட்ட நுண்ணிய பற்றுருண்டைகளின் தலையில் விழுகிறது. நவீன கிராபிக்ஸ் சிப் ஒன்றின் அடியில் இப்படி ஆயிரக்கணக்கான பற்றுப் புள்ளிகள் உண்டு. கணினியை ஆன் செய்தால் இழுக்கும். ஆஃப் செய்தால் திரும்பும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அது ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடிவதுபோல, அந்தப் பற்றுகளில் விரிசல் விழுகிறது. ஒரு முறை வளைத்தால் எந்தக் கம்பியும் ஒடிவதில்லை. எத்தனை முறை, எவ்வளவு தூரம் வளைத்தோம் என்பதே கணக்கு.

இதை முதல் தலைமுறைக் கணினிக்காரர்களே அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1946-ல் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினியில் 17,468 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. இத்தனை குழாய்களை வைத்து எந்த இயந்திரமும் ஓட முடியாது, ஓயாமல் ஒன்று போய்க்கொண்டே இருக்கும் என்று ஐயப்பட்டவர்கள் உண்டு. அதன் தலைமைப் பொறியாளர் பிரெஸ்பர் எக்கர்ட் இரண்டு காரியங்கள் செய்தார். குழாய்களை அவற்றின் முழுத் திறனுக்கு விரட்டாமல் கீழே வைத்தே இயக்கினார். குழாய்கள் அதிகமும் போவது சூடேறும்போதும் ஆறும்போதும்தான் என்று தெரிந்ததால், கணினியை அணைப்பதையே கூடுமானவரை தவிர்த்தார்கள். 1954-ல் அது 116 மணி நேரம் பழுதில்லாமல் ஓடியது. திறனுக்குக் கீழே இயக்கு, ஏற்ற இறக்கத்தைக் குறை என்ற அந்த இரண்டு பாடங்களும் இன்றுவரை நம்பகத்தின் அடிப்படை. இவற்றை மறந்தவர்கள் கொடுத்த விலை பெரியது.

அந்த விலையைக் கொடுத்தவர்களில் முதலிடம் மைக்ரோசாஃப்டுக்கு. 2005 நவம்பரில் அதன் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுச் சாதனம் விற்பனைக்கு வந்தது. சில மாதங்களிலேயே உலகெங்கும் அதன் முகப்பு விளக்கில் மூன்று சிவப்புக் கால்வட்டங்கள் எரியத் தொடங்கின. ரசிகர்கள் அதற்கு 'மரணத்தின் சிவப்பு வளையம்' என்று பெயரிட்டார்கள். பெட்டியைச் சிறிதாக வைக்க வேண்டியிருந்ததால், கிராபிக்ஸ் சிப் டிவிடி டிரைவின் அடியில் ஒடுங்கியிருந்தது. அதன் ஹீட் சிங்க்கைத் தட்டையாக வைக்கும்படி ஆயிற்று. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூன்று ஆண்டாக நீட்டித்து, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பல ஆண்டுகள் காரணத்தைப் பற்றி ஊகங்களே உலவின. 2021-ல் மைக்ரோசாஃப்டே வெளியிட்ட ஆவணப்படத்தில்தான் விளக்கம் வந்தது. சிப்பின் உறைக்குள் இருந்த பற்று இணைப்புகள், திரும்பத் திரும்ப ஆன் செய்து ஆஃப் செய்ததில் ஏற்பட்ட வெப்ப அழுத்தத்தால் உடைந்தன. விளையாட்டுச் சாதனம் என்றாலே அப்படித்தானே. மாலையில் ஆன் செய்கிறார்கள், சுடச்சுட இரண்டு மணி நேரம் ஆடுகிறார்கள், அணைக்கிறார்கள். சர்வர் அறையில் ஆண்டுமுழுக்க ஓடும் கணினி படாத பாட்டை வரவேற்பறைப் பெட்டி படுகிறது.

அடுத்தது என்விடியா. 2008 ஜூலையில், தன் முந்தைய தலைமுறை லேப்டாப் சிப்கள் சிலவற்றில் பொதி செய்த பொருள்கள் பலவீனமாக இருந்தன என்று அந்நிறுவனம் ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சிப்புக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவே, பற்றுகளைத் தாங்கிப் பிடிக்க ஒரு பிசின் நிரப்பப்படும். அந்தப் பிசின் எந்தச் சூட்டில் இளகும் என்பதைத் தவறாகத் தேர்ந்தால், தாங்க வேண்டிய நேரத்தில் அது இளகி, பாரம் முழுவதையும் பற்றின்மேல் தள்ளிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைத் தடைசெய்ததே இக்காலப் பழுதுகளுக்கெல்லாம் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். ஈயம் கலந்த பழைய பற்று 183 டிகிரியில் உருகும். அதற்கு மாற்றாக வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை 217 டிகிரி வாக்கில் உருகும். மாற்றம் தொழிற்சாலைகளுக்குத் தலைவலியாக இருந்தது உண்மை. ஆனால் என்விடியாவின் சிப்களில் உடைந்த பற்றில் ஈயம் நிறையவே இருந்தது. பொருள்களின் பொருத்தமே அங்கு சிக்கல்.

எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தவர்கள் அப்போது ஒரு கைவைத்தியம் செய்தார்கள். பெட்டியைத் துண்டால் சுற்றி, விசிறிக்காற்று போகாதபடி அடைத்து, வேண்டுமென்றே சுட வைப்பது. ஆறியபின் சில பெட்டிகள் உயிர்த்தெழுந்தன. சில நாள் ஓடி மறுபடி செத்தன. விரிந்த பொருள்கள் உடைந்த முனைகளைத் தற்காலிகமாகத் தொட வைத்ததே அந்த உயிர்ப்பின் ரகசியம். சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்க் கடைகளிலும் கிராபிக்ஸ் பழுதான லேப்டாப்புக்கு ஹீட் கன்னால் சூடு காட்டிக் கொடுப்பார்கள். பற்றுருண்டைகளை முழுதாக மாற்றி 'ரீபால்' செய்வதும் உண்டு. விரிசல் சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே இருந்தால் ரீபால் நிற்கும். சிப்பின் உறைக்குள்ளேயே விரிசல் இருந்தால் வேறு சிப் போடுவதே நிரந்தரத் தீர்வு. இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லும் மெக்கானிக்கிடம் கொடுக்கும் காசு வீணாகாது.

இத்தனையும் படித்தபின், எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு பாதுகாப்பு என்று முடிவுகட்டத் தோன்றும். அதற்கு எதிரான சாட்சியம் கனமானது. கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளின் வரலாற்றை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டது. வழக்கமான வெப்பநிலை வரம்புக்குள், சூடு கூடினால் பழுது கூடும் என்ற எதிர்பார்த்த தொடர்பு அங்கே தென்படவில்லை. மாறாக, மிகக் குளிர்ந்த டிஸ்க்குகளில் பழுது அதிகமாக இருந்தது. உயர் வெப்பநிலையின் பாதிப்பு பழைய டிஸ்க்குகளில்தான் துலங்கியது. 2012-ல் டொரொண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல பெரிய தரவு மையங்களின் பதிவுகளைக் கொண்டு இன்னொரு அடி எடுத்து வைத்தார்கள். டிஸ்க்கில் மறைந்திருக்கும் பிழைகளைப் பொறுத்தவரை, சராசரிச் சூட்டைவிடச் சூட்டின் ஏற்ற இறக்கத்துக்கே தெளிவான பாதிப்பு இருந்தது. எனியாக் காலத்து அனுபவத்தை எண்கள் மறுபடியும் உறுதிசெய்த இடம் இது.

தரவு மையங்கள் குளிர்பதனப் பெட்டிபோல உறைந்திருக்க வேண்டியதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கம் சர்வர் அறைகளுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 18 முதல் 27 டிகிரி. வரம்பின் மேல்விளிம்பை ஒட்டி இயக்கினால் குளிரூட்டச் செலவாகும் மின்சாரம் கணிசமாக மிச்சமாகும். சென்னைபோல ஆண்டில் பெரும்பகுதி வெக்கையாக இருக்கும் நகரங்களில் தரவு மையங்கள் பெருகிவரும் இந்நாளில் இது சிறிய விஷயம் இல்லை.

ஆனால் மிச்சம் பிடிப்பதற்கும் தற்காப்பு இல்லாமல் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் முதன்முறையாக வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டியது. லண்டனில் கூகுள், ஆரக்கிள் ஆகியவற்றின் தரவு மையங்களில் குளிரூட்டிகள் தோற்றன. கைஸ் அண்ட் செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் இரண்டு தரவு மையங்களும் அன்றே செயலிழந்தன. மருத்துவர்கள் நோயாளிகளின் பதிவுகளைப் பார்க்க முடியாமல் காகிதத்துக்குத் திரும்பினார்கள். முழுதாக மீள வாரக்கணக்கில் ஆயிற்று. சிப்கள் தங்களைக் காத்துக்கொண்டிருக்கலாம். அவற்றை நம்பியிருந்த நோயாளிகளுக்கு அதனால் என்ன பயன்? நம்பகம் என்பதைச் சிப்பின் ஆயுளோடு மட்டும் நிறுத்தி அளக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இனி அந்த 2024 விவகாரம். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சிப்களில், விலை உயர்ந்தவற்றில் குறிப்பாக, விளையாட்டுகள் காரணமில்லாமல் நின்றன. கணினிகள் தாமாக மறுதொடக்கம் ஆயின. மாதக்கணக்கில் தேடியபின் இன்டெல் காரணத்தைச் சொன்னது. சிப் தன்னை இயக்கும் உள்கட்டளைகளின் பிழையால், தேவைக்கு மேல் மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. உயர் மின்னழுத்தமும் சூடும் சேர்ந்து கடிகாரத் துடிப்பை விநியோகிக்கும் சர்க்யூட்டை முன்கூட்டியே முதுமையடையச் செய்தன. முதுமை என்றால், ஒழுங்காக வேலை செய்யத் தேவைப்படும் குறைந்தபட்ச மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போவது. நேற்று போதுமாக இருந்த அழுத்தம் இன்று போதாமல் போகும், கணக்குத் தவறும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வந்தன. வாரண்டி இரண்டு ஆண்டு நீண்டது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பை எந்தத் திருத்தமும் இளமைக்குக் கொண்டுவராது.

போட்டியாளரைவிடச் சில சதவீதம் வேகம் காட்டுவதற்காக எல்லையை ஒட்டியே சிப்பை ஓட்டும் பழக்கம் இதற்குப் பின்னால் இருக்கிறது. எக்கர்ட் விட்டுவைத்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிட்டோம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது சத்தமில்லாத பழுது. 2021-ல் மெட்டா (அப்போது ஃபேஸ்புக்) நிறுவனப் பொறியாளர்கள் ஒரு நிகழ்வை வெளியிட்டார்கள். அவர்களின் சர்வர் ஒன்றில் சில கோப்புகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. எந்த எச்சரிக்கையும் எழவில்லை. துருவித் துருவிப் பார்த்ததில், அந்தப் பிராசசரின் பல மூளைகளில் ஒன்று மட்டும் குறிப்பிட்ட சில கணக்குகளைத் தப்பாகப் போட்டது தெரிந்தது. 1.1 என்ற எண்ணின் 53-ஆம் அடுக்கின் முழுவெண் பகுதி 156. அந்த மூளை அதைப் பூஜ்யம் என்றது. கோப்பின் அளவு பூஜ்யம் என்று வந்ததால் மென்பொருள் அதை எழுதாமலே விட்டுவிட்டது. அதே ஆண்டு கூகுள் பொறியாளர்களும் இதே அனுபவத்தைப் பதிவுசெய்தார்கள். சில ஆயிரம் கணினிகளுக்கு ஒரு சில மூளைகள் என்ற கணக்கில் இப்படிப்பட்டவை அவர்களிடமும் இருந்தன. வெப்பநிலை, மின்னழுத்தம், கடிகார வேகம் ஆகியவற்றைப் பொறுத்துத் தவறு தோன்றி மறைந்தது. சிலவற்றில் வேகத்தைக் குறைத்தபோது தவறு கூடியது. செத்த கணினியை மாற்றிவிடலாம். உயிரோடு இருந்து பொய் சொல்லும் கணினியை அடையாளம் காண்பதற்கே தனிச் சோதனைகளைத் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

நம் கையிலிருப்பவற்றுக்கு வருவோம். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சுற்றுப்புறத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரிலோ திருச்சியிலோ மதுரையிலோ நிழலிலேயே அதைவிட அதிகம் இருக்கும். அப்போது கைபேசி திரையை மங்கலாக்குவதும் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்துவதும் பழுதின் அறிகுறி இல்லை, தற்காப்பு. லித்தியம் பேட்டரிக்குத்தான் உண்மையான சேதம். முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் சூட்டில் கிடப்பது அதன் கொள்ளளவை நிரந்தரமாகக் குறைக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டில் கைபேசியை விட்டுப் போவதைவிட அதற்குப் பெரிய கேடு இல்லை.

லேப்டாப்பில் பிராசசர் 90 டிகிரி காட்டுகிறது என்று பதறுகிறவர்கள் பலர். கடும் வேலையில் அது தாங்கும் அளவுதான். ஏ.எம்.டி. 2022-ல் வெளியிட்ட ரைசன் 7000 வரிசை, முழு வேலையில் 95 டிகிரியில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது. பார்க்க வேண்டியது அந்தச் சூடு எங்கே போகிறது என்பதை. மெத்தைமேல் வைத்தால் அடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டு, சிலிக்கன் தாங்கும் சூடு பக்கத்திலிருக்கும் பேட்டரிக்கும் கெபாசிட்டருக்கும் போய்ச் சேரும். அவற்றுக்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது. முன்பு அமைதியாகச் செய்த வேலைக்கே இப்போது விசிறி அலறுகிறதென்றால் ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் தூசி மெத்தை போட்டிருக்கிறது, அல்லது சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. செம்போடு ஒப்பிட்டால் காற்று பல ஆயிரம் மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. முடி அளவு காற்றிடைவெளி விழுந்தாலே சூட்டின் பாதை அடைபடும். சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் வைப்பது, புது லேப்டாப் வாங்குவதன் விலையில் ஒரு துளி.

வாங்கும்போதும் ஒன்று செய்யுங்கள். கிகாஹெர்ட்ஸையும் ராமையும் கேட்பதோடு நிற்காமல், எத்தனை டிகிரிச் சுற்றுப்புறம் வரை இயங்கும் என்று எழுதியிருக்கிறார்கள், விசிறியைக் கழற்றித் துடைக்க முடியுமா, வாரண்டி எத்தனை ஆண்டு என்ற மூன்றையும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு சொல்லச் சொல்லுங்கள். ஹீட் சிங்க்கின் பருமன், பிசினின் தரம், கெபாசிட்டரின் மதிப்பீடு எல்லாம் சில ரூபாய்களைப் பார்த்துத் தயாரிப்பாளர் எடுக்கும் முடிவுகள். வாங்குகிறவர்கள் கேட்காதவரை அந்த ரூபாய்கள் மிச்சம் பிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.